எட்டு மாசப் பட்டினி!

மதியச் சாப்பாடு அரை மணி லேட்டானாலே கண் இருட்டுகிற ஆசாமி நான். அதனாலேயே கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பனிக்கரடி அம்மாக்கள் மேல் எனக்குத் தனி மரியாதை!

கோடையில் கடல்பனி உருகியதும் கரையேறும் கர்ப்பிணிக் கரடி, சுமார் எட்டு மாசம் எதுவும் சாப்பிடுவதில்லை. நடுவே வளைக்குள் பிரசவம் வேறு! குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம்தான். தன் உடம்புக் கொழுப்பையே கரைத்துப் பாலாகக் கொடுத்து, பத்துக் கிலோ தேற்றிவிடுகிறாள். மாப்பிள்ளை? அவர் வசந்தகாலத்திலேயே நைஸாக நழுவியாச்சு சார்!

மார்ச் வாக்கில் குட்டிகளோடு மறுபடி பனிக்கடலுக்கு நடை. சீல் மூச்சுவிட வரும் துவாரத்தருகே காத்துக் கிடந்து, ஒன்றைப் பிடித்தால்தான் சாப்பாடு. அந்தப் பனிதான் அவளுக்கு இலை போடும் இடம். பூமி சூடேறுவதால் அது முன்பைவிடச் சீக்கிரம் உருகுகிறது, லேட்டாக உறைகிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016-ல் 842 என்று மதிப்பிடப்பட்ட கரடிகள், 2021-ல் 618.

பட்டினி அவளுக்குப் புதுசில்லை. ஆனால், எவ்வளவு கடும் விரதத்துக்கும் முடிக்கிற நாள் என்று ஒன்று வேண்டாமா?