உடைந்ததா? உடைத்ததா?

காசிக்கு வந்து நம் பல்கலைக்கழகத்தில் சேரும் தமிழ் மாணவர் முதல் திங்களிலேயே இரண்டு பொருள்களைத் தேடி அலைவர். ஒன்று புழுங்கலரிசிச் சோறு; மற்றொன்று மிதிவண்டி. முன்னதைப் பற்றி எழுதப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. பின்னது இல்லையெனில், 1300 ஏக்கர் வளாகத்தில் அரைவட்டம் அரைவட்டமாக வளைந்து செல்லும் சாலைகளில் விடுதிக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் நடந்தே கால் தேய வேண்டியதுதான். ஆகவே, படிப்பை முடித்து ஊர் திரும்பிய மாணவர் ஒருவரிடம் 1,800 ரூபாய் கொடுத்துப் பழைய கறுப்பு வண்டி ஒன்றை வாங்கினேன். தீபாவளிச் செலவுக்கென்று கோவில்பட்டியிலிருந்து அம்மா அனுப்பிய பணம் அது.

இரண்டு திங்கள் குறைவின்றி ஓடிய வண்டி, மார்கழிக் குளிரில் இடப்பக்க மிதியிலிருந்து ‘கடக், கடக்’ என்று பேசத் தொடங்கிற்று. பல்கலைக்கழக வாயிலைத் தாண்டினால் லங்கா. இராமன் துணையின்றியே நாம் நாள்தோறும் சென்று திரும்பும் இலங்கை! அங்கே பழுது பார்க்கும் கடை ஒன்றில் வண்டியை விட்டேன். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். உரிமையாளர் பானைக் குதப்பியவாறே, “ஹோ ஜாயேகா, குரு” என்றார். ஆகிவிடுமாம். மாலையில் 450 ரூபாயைக் கைப்பேசி வழியே செலுத்தி வண்டியை எடுத்து வந்தேன். அச்சு புதிது, ஆப்பு புதிது, குண்டுகள் புதியன என்று கணக்குச் சொன்னார்.

மூன்றாம் நாள், லங்கா நாற்சந்தியில் எழுந்து நின்று மிதித்தபோது இடக்கால் திடீரென்று வெறுமையில் இறங்கிற்று. வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். பின்னால் வந்த மின்ரிக்‌ஷா ஒரு முழத் தொலைவில் நின்றது. அதை ஓட்டி வந்தவர் என் குலத்தையே ஏசினார். போஜ்புரியில் ஏசியதால் முழுப்பயனும் எனக்குக் கிட்டவில்லை.

நிற்க. இத்தகைய வண்டிகளில் மிதி பொருந்திய இரும்புக் கையை நடு அச்சோடு இறுக்கிப் பிடிப்பது காட்டர் பின் என்னும் சிறிய ஆப்புதான். அதன் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாயிருக்கும். அத்தட்டை அச்சின் தட்டையோடு அழுந்தப் பொருந்த வேண்டும். சுத்தியலால் அடித்து இறுக்கும்போது கைக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அடியெல்லாம் உள்ளே இருக்கும் குண்டுகளின் மேலும் கிண்ணத்தின் மேலும் இறங்கிப் பள்ளம் விழும். நுனியிலுள்ள நட்டு ஆப்பு நழுவாமல் காப்பதற்கே, இழுத்து இறுக்குவதற்கன்று. நட்டை முறுக்கியே வேலையை முடிப்பவர் மரையைத்தான் தின்றுவிடுவார்.

என் வண்டியை விடுதி முற்றத்தில் பிரித்தேன். ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவி ஒரு மாலைப்பொழுது என்னோடு விருந்தினராக வந்திருந்தது. துளை ஒன்பதரை மில்லிமீட்டர், ஆப்போ ஒன்பது! இடைவெளியை அடைக்க ஏதோ எண்ணெய் டப்பாவின் தகரத்தைச் சுற்றியிருந்தார்கள். புதியன என்ற குண்டுகளில் பாதி துருவேறிக் கிடந்தன.

மறுநாள் ஆராய்ச்சி மாணவரான தஞ்சாவூர் அண்ணன் ஒருவரைத் துணைக்கழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். உரிமையாளர் ஆப்பைப் பார்த்தார். “டூட் கயா” என்றார். உடைந்துவிட்டதாம். “உடையவில்லை, சிறிய ஆப்பைப் போட்டிருக்கிறீர்கள்” என்றேன். “டீலா ஹோ கயா” என்றார். தளர்ந்துவிட்டதாம். நம் பள்ளி ஆசிரியர்கள் தன்வினை, பிறவினை என்று தொண்டை வறளக் கற்பித்ததன் பயனை அன்று உணர்ந்தேன். ‘உடைந்தது’ என்றால் குற்றவாளி இல்லை. ‘உடைத்தது’ என்றால் யார் என்ற கேள்வி பிறக்கும். பழுது பார்ப்போர் உலகெங்கும் தன்வினையிலேயே பேசுவர் போலும்! எனக்கோ இந்தியில் சோறு கேட்கத் தெரியும், வழி கேட்கத் தெரியும்; சண்டையிடத் தெரியாது. அண்ணன்தான் கைகொடுத்தார்.

அவர் சட்டமும் அறிந்தவர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்குச் சீட்டுக் கொடுக்க மறுப்பதே முறையற்ற வாணிகம் என்றார். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள வழக்கை மாவட்ட ஆணையத்தில் கொடுக்கக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். 1915 என்ற எண்ணில் முறையிடவும் செய்யலாம் என்று அடுக்கினார். பணம் செலுத்திய சான்று கைப்பேசியில் இருந்தது. அதை நான் நீட்டவும் உரிமையாளரின் குரல் இறங்கிற்று.

இறங்கியது எங்கே தெரியுமா? கடையின் மூலையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சிறுவன் மேல். பதினைந்து வயதுக்கு மேல் இராது. “இவன் செய்த வேலை, குரு! 450 ரூபாயையும் இப்போதே தருகிறேன். இவன் கூலியில் பிடித்துக்கொள்கிறேன்” என்றார். நான் தேடி வந்த பிறவினை கிடைத்துவிட்டது! சிறுவன் நிமிரவில்லை. அவன் கையிலிருந்த பசைக்குழாய் மட்டும் அசையாமல் நின்றது.

அந்த ஆப்பை வாங்கி வந்தவன் அவனா? தகரத்தை வெட்டிக் கொடுத்தவன் அவனா? முட்டுக் கொடுத்து அடிக்க வேண்டும் என்று எவரேனும் அவனுக்குச் சொன்னதுண்டா? “பணம் வேண்டாம், சரியான அளவில் ஆப்பும் நல்ல குண்டுகளும் போட்டு, உங்கள் கையால், என் கண்ணெதிரே பொருத்துங்கள். இவன் கூலியில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. சீட்டும் வேண்டும்” என்றேன். எனக்குத் தெரிந்த இந்தியிலேயே சொன்னேன். பால் வேறுபாடுகள் எல்லாம் நொறுங்கியிருக்கும்.

அண்ணன் என் தோளைக் கிள்ளினார். கைக்கு வந்த 450 ரூபாயை வேண்டாமென்றவனை அவர் இன்றளவும் ஏமாளி என்றே அழைக்கிறார். பணத்தை வாங்கி வேறு கடைக்குப் போயிருக்கலாம் என்பது அவர் கட்சி. அந்தப் பணம் யாருடையது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.

உரிமையாளர் முணுமுணுத்துக்கொண்டே அமர்ந்தார். குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மசகிட்டார். சிறுவனை அழைத்துக் குழாயை முட்டாகப் பிடிக்கச் சொன்னார். “இன்னும் நேராக... ஆம், அப்படித்தான்” என்று அவனிடம் சொல்லிவிட்டுச் சுத்தியலை ஓங்கினார். ஐம்பதைக் கடந்த அந்தக் கைகளுக்கு வேலை நன்றாகவே தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு மேலும் சினமூட்டிற்று. சீட்டுப் புத்தகம் இல்லையென்று பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கையொப்பமிட்டார்.

புதிய ஆப்பு சில நாள் ஓடியபின் சற்றே படியும். மீண்டும் அடித்து நட்டை இறுக்க வேண்டும். ஒரு கிழமை கழித்துச் சென்றேன். உரிமையாளர் இல்லை. சிறுவன் நான் கேட்பதற்கு முன்னரே குழாயைத் தேடி எடுத்துக் கையின் அடியில் நிறுத்தினான். என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இரண்டே அடி அடித்தான், நட்டை இறுக்கினான், பணம் வேண்டாமென்று தலையசைத்தான்.

“ஹோ கயா, பையா” என்றான்.

ஆகியிருந்தது.