தண்ணி ரெண்டு செகண்டுல சூடாகாது

லிக்விட் கூலர் போட்ட கம்ப்யூட்டர் சூடானா நம்ம பசங்க முதல்ல சந்தேகப்படுறது தண்ணியைத்தான். "உள்ள தண்ணி வத்திருக்கும் மச்சான்." "பம்ப் அவுட்டுடா." "பேசாம வேற கூலர் வாங்கிடு." மூணே வாக்கியத்துல எட்டாயிரம் ரூபாய்க்குச் செலவு சொல்லிடுவாங்க. உங்க ரூம்லயும் அப்படி ஒரு டெஸ்க்டாப் இருந்தா, காசை எடுக்கறதுக்கு முன்னாடி போன்ல ஸ்டாப்வாட்ச்சை எடுங்க.

ஏன்னு சொல்றேன். சிப்ல பிறக்கிற சூடு நேரா தண்ணிக்குப் போறதில்லை. முதல்ல ப்ராசஸர் மேல இருக்கிற உலோக மூடி, அப்புறம் தெர்மல் பேஸ்ட், அப்புறம் கூலரோட செம்புத் தகடு, அதுக்கப்புறம்தான் தண்ணி. தண்ணியில இருந்து ரேடியேட்டர், அங்கிருந்து ஃபேன் தள்ளுற காத்து, கடைசியா உங்க ரூம். இந்த வரிசையில எங்க அடைச்சிருக்குன்னு வெப்பநிலை எவ்வளவு வேகமா ஏறுதுங்கறதே காட்டிக்கொடுத்துடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கூலருக்குள்ள கால் லிட்டர் தண்ணி இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி ஏத்த சுமார் 4,180 ஜூல் வேணும்; அப்போ கால் கிலோவுக்கு 1,045. ப்ராசஸர் 190 வாட் கக்குதுன்னா, ரேடியேட்டர் சுத்தமா வேலை செய்யலைன்னாலும் ஒரு டிகிரி ஏற அஞ்சரை செகண்ட் ஆகும். முப்பது டிகிரி ஏற கிட்டத்தட்ட மூணு நிமிஷம். அதனால சினிபெஞ்ச் மாதிரி ஏதாவது லோடு கொடுத்ததும் 40-லிருந்து 100-க்கு ரெண்டு செகண்டுல தாவிச்சுன்னா, மொத்தத் தண்ணியும் சூடாகி அப்படி ஆக வாய்ப்பே இல்லை. ஒண்ணு, சூடு தண்ணி வரைக்கும் போய்ச் சேரலை. இல்லைன்னா பம்ப் நின்னு, தகட்டுக்கு மேல இருக்கிற கொஞ்சூண்டு தண்ணி மட்டும் வேகுது. மாறா, பத்துப் பதினஞ்சு நிமிஷம் மெதுவா மெதுவா ஏறுதுன்னா ரேடியேட்டர், ஃபேன், காத்துப் பக்கம் பாருங்க.

இதை நான் கத்துக்கிட்டது என் ரூம்மேட்டோட மிஷின்ல. இன்டெல் ஐ7-12700கே. அவங்க அப்பா கரூர்ல சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஓபன்ஃபோம்ல ஓடுது. தலைப்பைக் கேட்டா சிரிப்பீங்க, ஹீட் எக்ஸ்சேஞ்சர். ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மிஷின் 100 டிகிரியில போய் நின்னுக்கிச்சு. அந்த ப்ராசஸருக்கு 100தான் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். 4.7 கிகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டிய கோர் எல்லாம் 3-க்குக் கீழ இறங்கிடுச்சு. ராத்திரி போட்ட ரன் மறுநாள் மத்தியானமும் முடியல. அசெம்பிள் பண்ணிக் கொடுத்த கடைக்காரர் போன்லயே "கூலர் போயிருச்சு தம்பி, மாத்திருங்க"ன்னுட்டார். இவன் அப்பாகிட்ட மறுபடி எப்படிக் கேக்குறதுன்னு ரெண்டு நாள் மெஸ்ஸுக்கே ஒழுங்கா வரலை.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டு லோடு கொடுத்தோம். ரெண்டு செகண்ட், 99. பம்ப் வேகம் பார்த்தோம், சரியாத்தான் காட்டுச்சு. ஆனா அந்த எண்ணை மட்டும் நம்பாதீங்க. மோட்டார் சுத்தினாலும் உள்ள அழுக்கு அடைச்சு ஓட்டம் நின்னிருக்கலாம். கையை வெச்சுப் பாருங்க. பம்ப் தலை கொதிச்சு, ரேடியேட்டர் சில்லுன்னு இருந்தா ஓட்டம் இல்லை. எங்களுக்கு ரெண்டு குழாயும் ஒரே மாதிரி, பம்ப் தலையும் வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. உள்ள 100 டிகிரி, ஒரு விரக்கடை மேல வெதுவெதுப்பு! அப்போ நடுவுல எங்கயோ தொடலை.

கழட்டினோம். பேஸ்ட் ஒரு ஓரத்துல மட்டும் நசுங்கியிருந்துச்சு. மிச்ச இடத்துல வெச்சது வெச்சபடி குவியலா இருக்கு. காரணம் ஸ்க்ரூ. 12-வது தலைமுறையில இன்டெல் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு மாறிச்சு. கூலர் மாட்டுற துளைகளோட இடைவெளி 75 மில்லிமீட்டர்ல இருந்து 78 ஆச்சு, ப்ராசஸரோட உயரமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுல இறங்கிச்சு. சாதாரணமா பழைய ஸ்க்ரூ புதுத் துளையில உட்காராது. ஆனா சில மதர்போர்டுல பழைய துளை, புதுத் துளை ரெண்டுமே உண்டு. இவன் போர்டு அந்த ரகம். மாட்டினவர் பழைய சாக்கெட்டுக்கான ஸ்டாண்ட்ஆஃபைப் பழைய துளையில போட்டு முறுக்கிட்டார். இறுகின மாதிரியே இருக்கும், ஆனா அழுத்தம் இருக்காது. இதுல கொடுமை என்னன்னா, 1700-க்கான ஸ்டாண்ட்ஆஃப் பாக்கெட் கூலர் டப்பாவுக்குள்ளயே பிரிக்காம கிடந்துச்சு.

(இன்னொரு ஊர்ல ஒரு மிஷின்ல செம்புத் தகட்டுல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காம மாட்டியிருந்தாங்க. அதுவும் இதே ரெண்டு செகண்ட் வியாதிதான்.)

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால துடைச்சு, புதுசு வெச்சு, சரியான ஸ்டாண்ட்ஆஃப் போட்டு, குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினோம். அதே லோடு: 74. இவன் கத்தின கத்துல பக்கத்து ரூம் கதவு திறந்துச்சு.

ஆனா கதை அங்க முடியலை. இருபது நிமிஷத்துல 91 வந்து நின்னுச்சு. இது மெதுவா ஏறுற ரகம், அதனால இந்தத் தடவை கூலரைத் தொடவே இல்லை. கேபினெட்டோட முன்பக்கம் பீரோவை ஒட்டி இருந்துச்சு. ரேடியேட்டர் இருக்கிறதும் முன்பக்கம்தான். வலையில தூசி போர்வை மாதிரி. ரூம் ராத்திரி பதினோரு மணிக்கும் 35 டிகிரி. ரூமை விடக் கீழ தண்ணியைக் குளிர வைக்க எந்த ரேடியேட்டராலயும் முடியாது, அது ஏசி இல்லை. மேசையை நகர்த்தினோம், பெயிண்ட் பிரஷ்ஷால தூசி தட்டினோம்.

அப்புறம் பயாஸ். பவர் லிமிட் 4096 வாட்னு இருந்துச்சு! வரம்பே இல்லைன்னு அர்த்தம். நிறைய போர்டு இப்படித்தான் வருது. 12700கே-வுக்கு இன்டெல் சொல்றது அடிப்படை 125 வாட், உச்சம் 190. நாங்க 125-ல கட்டிப்போட்டோம். ரன் கொஞ்சம் நீண்டுச்சு, ஆனா ராத்திரி முழுக்க 80-ஐத் தாண்டலை. பம்ப்பை எப்பவும் முழு வேகத்துல விட்டுட்டு, ஃபேனை மட்டும் வெப்பநிலைக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்க விடுங்க. பம்ப் தலை கூலரோட உச்சியில இருக்கவும் கூடாது; காத்துக்குமிழ் எல்லாம் அங்க போய்ச் சேர்ந்து சலசலன்னு சத்தம் போடும்.

உங்க கூலர் அஞ்சாறு வருஷம் பழசுன்னா தண்ணி மேலயும் சந்தேகப்படலாம். ரப்பர் குழாய் வழியா அது வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிப் போகும். ஆனா ஒரு வருஷம்கூட ஆகாத கூலருக்கு அதைச் சொன்னா, நாலு ஸ்க்ரூவைக் கழட்டிப் பாத்தீங்களான்னு திருப்பிக் கேளுங்க.

மொத்தச் செலவு, பேஸ்ட் 350 ரூபாய். மறுநாள் அவங்க அப்பா போன் பண்ணி, "கூலருக்கு எவ்வளவுப்பா அனுப்பணும்?"னு கேட்டார். இவன், "வேண்டாம்பா, ஸ்க்ரூ மாத்தினதுல சரியாயிருச்சு"ன்னான். அவர் நம்பவே இல்லை.