மாமாவோட பச்சைப் பை

எங்க கண்ணமங்கலம் பக்கம் மிலிட்டரிக்காரங்க ஜாஸ்திங்க. பக்கத்துல கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே இன்னொரு பேரு. எங்க அக்கா வீட்டுக்காரரும் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவர்தான்.

போன மாசம் டெல்லியில எனக்கு இண்டர்வியூ. மீனம்பாக்கத்துல ஃப்ளைட். மாமாவோட பச்சைப் பையை இரவல் கேட்டேன். "மாப்ள, துணி வைக்கறதுக்கு முன்னாடி நல்லா உதறிடு"ன்னார். பரண்ல கிடந்த பையாச்சே, தூசிக்குத்தான் சொல்றார்னு நினைச்சேன். உதறினா "டிங்"! தரையில உருளுது, சுட்டு முடிச்ச பித்தளைத் தோட்டாக் கூடு ஒண்ணு.

மாமா முகம் மாறிடுச்சு. "இது ஸ்கேனர்ல தெரிஞ்சிருந்தா, ஃப்ளைட் டெல்லிக்குப் போயிருக்கும், நீ ஸ்டேஷனுக்குப் போயிருப்ப."

அப்புறம் தேடிப் படிச்சேன். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டாவோட பாகமும் தோட்டா கணக்குலதான் வருது. தெரிஞ்சே வச்சிருந்தாத்தான் குற்றம்னு 1972-ல குன்வந்த்லால் வழக்குலயும், 1994-ல சஞ்சய் தத் வழக்குலயும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. சரிதான்... ஆனா "எனக்குத் தெரியாது சார்"னு கோர்ட்டுல புரிய வைக்கறதுக்குள்ள அந்த வேலையில வேற ஆள் உக்காந்திருப்பான்!

இதுல வேடிக்கை என்னன்னா, லைசென்ஸ் இருக்கறவர் முன்கூட்டியே சொல்லிட்டு, துப்பாக்கியையே செக்-இன் லக்கேஜ்ல கொண்டு போகலாம். தெரியாமப் போற நம்மளை மாதிரி ஆளுதான் காலிக் கூட்டோட மாட்டுவோம்.

மாமா அதை ரொம்ப நேரம் உள்ளங்கையில வச்சுப் பார்த்துட்டே இருந்தார். எங்க சுட்டதோ, யாரோட இருந்த நாளோ... நான் கேக்கல.

இரவல் பையா மக்களே? மொதல்ல உதறுங்க!