சாரலிலும் நனைவாய்

மேலகரம், தென்காசி
ஆடி 15

அன்பு மருமகள் செல்விக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ போன மறுநாள் வெயில் அடித்தது. இன்று காலையிலிருந்து மறுபடி மேகம் இறங்கியிருக்கிறது. பேரருவியில் தண்ணீர் கூடிவிட்டதென்று உன் அப்பா துண்டோடு கிளம்பிவிட்டான். உனக்கென்று வாங்கிவைத்த மங்குஸ்தான் பழத்தையும் அவனே தின்று தீர்த்தான்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் நீ சொன்னது என் மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. "ஈய ஏப்ரன் ரொம்பக் கனம் அத்த. ஆபரேஷன் தியேட்டர்ல சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடும்போது மூஞ்சியத் திருப்பிக்கிடுவேன்" என்றாய். இரண்டு நாள் லீவில் வந்த பிள்ளையை ஏசவேண்டாம் என்று அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். போனில் சொன்னால் "சரி அத்த, சரி அத்த" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அருவிக்கரையில் நடந்ததை நினைத்துப் பார். தலையைக் கொடுத்தவர்கள் மட்டுமா நனைந்தார்கள்? உன் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற நானும்தான் நனைந்தேன். எக்ஸ்ரே கதிரும் அப்படித்தான். எக்ஸ்ரே குழாயிலிருந்து நேரே வருவது நோயாளிமேல் விழும். அவர் உடம்பில் பட்டுச் சிதறுவது பக்கத்தில் நிற்கிற உன்மேல் விழும். ஓ.டி.யில் நமக்கு வருவது பெரும்பாலும் அந்தச் சாரல்தான். முகத்தைத் திருப்பினால் முதுகு நனையாதா? அருவிச்சாரல் பட்டால் உடம்பு சிலிர்க்கும். இது பட்டால் ஒன்றுமே தெரியாது என்பதுதான் என் கவலை.

ஆகவே தள்ளி நில். ஒரு மீட்டரில் நிற்பவள் இரண்டு மீட்டருக்குப் போனால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும். கருவியைப் பக்கவாட்டில் திருப்பினால் குழாய் இருக்கும் பக்கம் நிற்காதே. அங்கேதான் சிதறல் அதிகம். தைராய்டு காலரையும் போட்டுக்கொள். ஏப்ரனை மடித்துப் போடாமல் தொங்கவிடு; மடித்தால் உள்ளே வெடிப்பு விழும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அத்தான் என் வயிற்றில் நாலு மாதம். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் எக்ஸ்ரேவுக்கு அடம்பிடிக்கிற குழந்தைகளை நான்தான் பிடித்துக்கொள்வேன். ஏப்ரனும் இல்லை, கதிரை அளக்கிற பேட்ஜும் இல்லை. கேட்டு வாங்கவேண்டும் என்றும் தெரியாது. பிறகு யாரோ ஏதோ சொல்ல, பிரசவம்வரை காசி விசுவநாதர் சந்நிதியில் அழுதுகொண்டே நின்றேன். அல்ட்ராசவுண்டில் இந்தக் கதிரே கிடையாது என்று தெரியாமல் ஸ்கேன் எடுக்கவும் பயந்தேன். சுவிட்சை விட்டதும் எக்ஸ்ரே நின்றுவிடும், அறையில் தங்காது என்றும் தெரியாது. பயப்படவேண்டிய இடத்தில் துணிந்து நின்றேன், பயம் வேண்டாத இடத்தில் நடுங்கினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். என்மேல் பட்டது ரொம்பக் கொஞ்சமாகவே இருந்திருக்கும். அதை அளந்து சொல்ல ஒரு பேட்ஜ் இருந்திருந்தால் அந்த ஐந்து மாதமும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நீயோ கையில் கிடைத்த டி.எல்.டி. பேட்ஜை லாக்கரில் பூட்டி வைத்திருக்கிறாய்! அது கவசமில்லை செல்வி, கணக்குப்பிள்ளை. ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் குத்திக்கொள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் கணக்கு வரும்போது நீயே கேட்டுப் பார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நம்மைப் போன்றவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த வருடமும் 30-ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு மிச்ச மாதமெல்லாம் சேர்த்து 1 மில்லிசீவர்ட்தான். அதனால் நாள் தள்ளிப்போனால் மாப்பிள்ளையிடம் சொல்கிற அன்றைக்கே இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல்லிவிடு. கூச்சப்படாதே.

ஓ.டி.யில் உன்கூட நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்கு பேட்ஜ் தரவில்லை என்றாயே, அவர்களுக்காகவும் நீ கேள். "கொஞ்ச நேரம்தானே நிக்கிறீங்க" என்பார்கள். எவ்வளவு கொஞ்சம் என்பதை பேட்ஜ் சொல்லட்டும். நோயாளிக்கு ஊசி போடுமுன் மருந்துப் பெயரை இரண்டு தடவை பார்க்கிற பிள்ளை நீ. அந்தக் கவனத்தில் கொஞ்சம் உனக்கும் வைத்துக்கொள்.

தீபாவளிக்கு இரண்டுபேரும் வாருங்கள். அதுவரை போன் எடுத்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்கமாட்டேன், "பேட்ஜ் குத்தினியா" என்றுதான் கேட்பேன்.

உன் அத்தை