கொள்ளுக்குத் தெரிந்தது

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்காவுக்குக் கொள்ளென்றாலே இளக்காரம். "குதிரை தின்பதை மனுஷன் தின்பானா?" என்பாள். பாட்டி கொள்ளு ரசம் வைக்கிற நாளில் அவளுக்கு மட்டும் மோர்ச்சோறு. அப்பேர்ப்பட்டவளின் ரத்தத்துக்கு ஜாதகம் கணித்தது கடைசியில் அந்தக் கொள்ளுதான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. எட்டு மணிக்கு என்று சொன்னவர்கள், ஏழரைக்கு வந்து, "ரத்த வகை சரியாக வரவில்லை, பொறுங்கள்" என்றார்கள். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சாதவர். அன்று வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் ரத்த வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். அக்காவின் சிவப்பணுக்களைச் சோதித்தால் 'ஏபி' என்கிறது. ஆனால் அவளுடைய ரத்தத்தின் தெளிநீரோ 'ஏ' அணுக்களைக் கண்டதும் திரட்டிவிடுகிறது. வீட்டுக்காரனையே திருடன் என்று பிடிக்கும் காவற்காரன் கதை! தவறான ரத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சிறு புட்டியை எடுத்தாள். "இது கொள்ளிலிருந்து எடுத்த சாறு, சார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா அது?

விஷயம் இதுதான். சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சரங்கள் தொங்குகின்றன. 'பி' சரத்தின் நுனியில் இருப்பது காலக்டோஸ். 'ஏ' நுனியிலும் ஏறக்குறைய அதே சர்க்கரைதான். இரண்டாவது கரியணுவில் மட்டும் ஹைட்ராக்ஸில் இருக்கவேண்டிய இடத்தில் அசிட்டைல் சேர்ந்த ஒரு நைட்ரஜன். அந்த அற்ப வித்தியாசத்தைக் கொள்ளின் புரதம் கண்டுகொள்கிறது. அதன் மேல் ஆழமில்லாத ஒரு குழி உண்டு. சர்க்கரை அதில் படுத்ததும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நாலாபக்கமும் பிடிக்கின்றன. சர்க்கரையின் அசிட்டைல் பகுதியோடு வளைய அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு பிடியும் பலவீனம், சேர்ந்தால் உறுதி. ஒரு புரதத்தில் இப்படிப்பட்ட குழி ஒன்றுக்கு மேல் இருப்பதால் இரண்டு அணுக்களை ஒருசேரப் பிடித்துத் திரட்டிவிடும். இத்தகைய புரதங்களுக்கு 1954-ல் பாய்ட் என்பவர் 'லெக்டின்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'தேர்ந்தெடுப்பது' என்று பொருள். கொள்ளின் இந்தச் சாமர்த்தியத்தை 1951-லேயே இந்தியாவில் இருந்த பேர்ட் என்ற வைத்தியர் 'கரண்ட் சயன்ஸ்' பத்திரிகையில் எழுதியிருந்தார். நம் பண்ருட்டிப் பலாக்கொட்டையிலும் ஒரு லெக்டின் உண்டு. அதன் உருவத்தைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். விஜயன் குழுவினர் 1996-ல் வெளியிட்டார்கள்.

'ஏ'யிலும் இரண்டு பிரிவு. 'ஏ ஒன்று' அணுவில் அந்தச் சர்க்கரை ஏராளம். 'ஏ இரண்டு' அணுவில் குறைச்சல். அளவாக நீர்த்த கொள்ளுச் சாறு முதலாவதை மட்டும் திரட்டும்.

அந்தப் பெண் அக்காவின் ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணாடிப் பட்டையை மெல்ல ஆட்டினாள். திரளவில்லை.

"ஏ இரண்டு பி, சார். அதனால்தான் 'ஏ ஒன்று' அணுக்களை எதிரி என்கிறது. 'பி' ரத்தம் பொருத்திப் பார்த்துக் கொடுக்கிறோம்."

நானும் 'பி'தான். கையை நீட்டினேன். நெருங்கிய உறவினர் ரத்தம் வேண்டாமாம்; என்னுடையதை வேறு யாருக்கோ என்று எடுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவருடையதை அவளுக்கு ஏற்றினார்கள்.

பத்தாம் நாள் வீட்டில் கதையைச் சொல்லி, "இனியாவது கொள்ளு ரசம் குடிப்பாயா? கொதித்தால் அந்தப் புரதம் குலைந்துவிடும், பயமில்லை" என்றேன்.

"என்னைக் காப்பாற்றியது பச்சைக் கொள்ளுத்தானே? அதை ஏனடா கொதிக்க வைக்கிறாய்?" என்று மோரை எடுத்து ஊற்றிக்கொண்டாள்.