ஓலையை உக்க வைக்கும் மரபணு

இணுவிலில் பழைய வேலி ஓலையை யாரும் வீணாக எரிப்பதில்லை. கிழித்துச் சாலுக்குள் போட்டுச் செம்மண்ணால் மூடுவார்கள். புகையிலைக்கும் மிளகாய்க்கும் ஓலை தாழ்ப்பது எங்கள் தோட்டங்களில் காலங்காலமாக நடக்கிற பசளை வேலை. பிறகு மண்ணைக் கொத்தினால் ஓலை உக்கிப் போயிருக்கும், ஈர்க்கு மட்டும் அங்கங்கே மிஞ்சும். அதை உக்க வைப்பது மண்ணிலுள்ள பற்றீரியாவும் பூஞ்சையும். அவற்றின் நொதியத்தையும் அதை எழுதிவைத்திருக்கும் மரபணுவையும் படிக்க வேண்டுமென்றுதான் ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

வேலை பழக்கியவர் மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருவர். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். “மரபணு எங்கையும் ஓடாது. முதல் பிளேட் ஊத்திப் பழகும்” என்றார்.

ஓலையின் நாரிலுள்ள செலுலோசைக் கரையக்கூடியதாக மாற்றிய வெள்ளைத் தூள் ஒன்றைச் சி.எம்.சி. என்பார்கள். அதைத் தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே பசையாகி உள்ளே உலர்ந்த கட்டியாக நிற்கும். சுழலும் தண்ணீரில் கோலமாவு தூவுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஏகார் சேர்த்துக் கிருமி நீக்கி, குடுவையைக் கை பொறுக்கும் சூட்டில் பிளேட்டில் குமிழி வராமல் ஊற்ற வேண்டும். உக்கின ஓலைக்கு அடியில் எடுத்த மண்ணைக் கரைத்து, பலமுறை ஐதாக்கி அதன்மேல் பரப்பினோம்.

குடியங்கள் வளர்ந்ததும் கொங்கோ சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கால் மணித்தியாலம் விட்டு, உப்புக் கரைசலால் கழுவுவோம். நீண்ட செலுலோசுச் சங்கிலியைச் சாயம் விடாமல் பிடிக்கும். நொதியம் வெட்டிய இடத்தில் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் சிவப்புக்கு நடுவே மஞ்சளான ஒரு வளையம் தெரியும். 1982இல் டீதரும் வூட்டும் மாட்டு இரைப்பைப் பற்றீரியாக்களைத் தேட இந்த முறையைக் கையாண்டார்கள். அந்த வளையத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனம் நிறையும். அக்கா மட்டும் உடனே நம்பமாட்டார். குடியத்தை வழித்தெடுத்து அடியையும் பார்க்கச் சொல்வார். பெரிய வளையம் என்பதற்காக வலிய நொதியம் என்று முடிவுகட்டக் கூடாது, வேகமாகப் பரவும் நொதியமும் பெரிய வளையம் போடும் என்பார்.

அதன் பிறகுதான் மரபணு. அதே 1982இல் வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார், செலுலோமோனாஸ் ஃபிமி என்ற பற்றீரியாவின் செலுலேசு மரபணுவொன்றை ஈ. கோலைக்குள் ஏற்றியதை வெளியிட்டார்கள். இந்தப் பற்றீரியாவின் நொதியங்களில் எனக்குப் பிடித்தது சென்-ஏ. அதன் ஒரு பகுதி செலுலோசைப் பற்றிக்கொள்ளும், மற்றது வெட்டும். இரண்டையும் புரோலினும் திரியோனினும் மாறிமாறி வரும் சிறு துண்டு இணைக்கிறது. 2008இல் எடின்பரோ மாணவர்கள் ஐஜெம் என்ற செயற்கை உயிரியல் போட்டிக்காகச் சென்-ஏயின் மரபணுவை யாரும் எடுத்துப் பொருத்தக்கூடிய பாகமாக்கினார்கள். அப்படிப்பட்ட பாகத்தின் இரு முனைகளிலும் குறித்த வெட்டு நொதியங்களுக்கான இடங்கள் இருக்கும், உள்ளே அவை இருக்கக் கூடாது. இருந்தால் புரதம் மாறாதபடி எழுத்தை மாற்ற வேண்டும். இந்தப் பற்றீரியாவின் டீ.என்.ஏ.யில் ஜீ, சீ என்ற எழுத்துகள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல். இழைகள் இறுக்கமாகப் பிடித்திருப்பதால் மரபணுவைப் படியெடுக்கும் பி.சி.ஆர். செய்வதும் சிரமம். சூட்டைக் கூட்டி, இழையை இளக்கும் திரவமும் சேர்க்கிறோம்.

மரபணு ஏறிய ஈ. கோலையை ஒரே பிளேட்டில் மரபணு இல்லாமல் அதைச் சுமக்கும் பிளாஸ்மிட் மட்டும் ஏறியதன் பக்கத்தில் கீறுவோம். ஒன்றைச் சுற்றி வளையம், மற்றதைச் சுற்றி வெறும் சிவப்பு. இந்த இரண்டாவது கீறல் இல்லாத பிளேட்டை அக்கா கையில் வாங்கவே மாட்டார்.

ஆனால் பிளேட்டில் இருப்பது இளகிய செலுலோசு. ஓலையில் அது பளிங்காக இறுகி, ஹெமிசெலுலோசும் லிக்னினும் சூழ நிற்கிறது. நடுவில் வெட்ட ஒன்று, முனையிலிருந்து உரிக்க ஒன்று, கடைசித் துண்டைக் குளுக்கோசாக்க ஒன்று என்று செலுலோசுக்கே மூன்று வகை நொதியம் வேண்டும். ஹெமிசெலுலோசுக்குச் சைலனேசு வேறு. யாழ்ப்பாணத்தில் கபிலனும் பேராசிரியர் வசந்தி அரசரட்ணமும் பசிலஸ் புமிலஸ் பற்றீரியாவை நெல் உமியில் வளர்த்துச் சைலனேசு பெற்ற ஆய்வை 2011இல் வெளியிட்டார்கள். கழிவென்று தள்ளுகிற பொருளிலேயே நொதியம் வளர்த்த அந்த வழி எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இப்போது பழகுவது சர்க்கரை அளக்கும் வேலை. அரைத்த ஓலையில் நொதியத்தை விட்டு, பிறகு டி.என்.எஸ். கரைசலோடு கொதிக்க வைத்தால், வெளிவந்த சர்க்கரைக்கு ஏற்ப மஞ்சள் நிறம் செங்கபிலமாகும். ஓலையிலேயே கொஞ்சம் சர்க்கரை இருப்பதால் நொதியம் விடாத குழாயொன்றையும் கூடவே கொதிக்க வைத்து, அந்தக் கணக்கைக் கழித்த பிறகுதான் எண்ணைக் கொப்பியில் எழுதலாம்.