நாமும் நாங்களும்

ஆங்கிலத்தில் இல்லாத நுட்பம் ஒன்று தமிழில் உண்டு. எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை விலக்கிவிட்டால் ‘நாங்கள்’. இத்தகைய மொழியைப் பேசுகின்ற நாம், அலுவலகத்திலே உடன் உழைப்போரை எந்தச் சொல்லுக்குள் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

‘பாய்’ என்னும் விளியையே எடுத்துக்கொள்வோம். வடபுலத்து மொழிகளில் அது சகோதரனைக் குறிக்கும் இனிய சொல். ஆனால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மூத்த சகோதரரை நாம் ‘காக்கா’ என்கிறோம். நாகூர்ப் பக்கம் ‘நானா’ என்கிறோம். நம் வீடுகளில் புழங்காத சொல்லொன்று, அலுவலக வாயிலைத் தாண்டியதும் நமக்குப் பெயராகிவிடுகிறது. அழைப்பவரிடம் வஞ்சம் இல்லை. பெரும்பாலும் அன்பே இருக்கிறது. (பெருநாளுக்கு மறுநாள் ‘பாய், பிரியாணி எங்கே?’ என்று கேட்பவரை யார்தாம் வெறுக்க முடியும்!) ஆயினும் ஒரே பிரிவில் பணிபுரியும் மூன்று முஸ்லிம்களும் ‘பாய்’ ஆகிவிட்டால், பெற்றோர் தேடி வைத்த பெயர்கள் எங்கே போயின? அதனினும் கசப்பானது, ‘நன்றாகத் தமிழ் பேசுகிறீர்களே!’ என்னும் பாராட்டு. தாய்மொழியைப் பேசியதற்காகவா ஒருவரைப் பாராட்டுவது?

அரசு அலுவலகமொன்றில் பணியாற்றும் நமது நண்பரிடம், புதிதாய்ச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி, ‘ஐயா, உங்களை எப்படி அழைக்கட்டும்?’ என்று கேட்டாளாம். பதினெட்டாண்டுப் பணியில் அப்படிக் கேட்டவர் வேறெவரும் இல்லை என்றார் அவர்.

தமிழக அரசு சில சொற்களை மாற்றியது உண்மை. 2010இல் ‘ஊனமுற்றோர்’ என்பது ‘மாற்றுத்திறனாளிகள்’ என்றாயிற்று. 2020இல் துப்புரவுப் பணியாளர் ‘தூய்மைப் பணியாளர்’ ஆனார். கோப்புகள் திருந்திவிட்டன. ஆனால் ஊன்றுகோலுடன் வரும் எழுத்தரை, அவர் இல்லாத வேளையில், காலைச் சொல்லித்தானே இன்றும் அடையாளம் காட்டுகிறார்கள்?

பிறரை மட்டும் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. நம்மவர் கடைகளுக்குச் சென்று பாருங்கள். ஐம்பது வயதைக் கடந்தவரும் அங்கே ‘பையன்’தான். முப்பது ஆண்டுகளாகக் கணக்கெழுதும் இந்துப் பெரியவர் அருகிலேயே அமர்ந்திருப்பார். வேலை கேட்டு யாரோ வருவதாகத் தொலைபேசியில் செய்தி வரும். முதலாளி உரத்த குரலில், ‘நம்ம ஆளா?’ என்று விசாரிப்பார். அந்த ‘நம்ம’வுக்குள் தாம் இல்லை என்பதைப் பெரியவர் என்றோ அறிந்துகொண்டவர். பேரேட்டிலிருந்து தலை நிமிராமல் அடுத்த வரியை எழுதுவார்.